காபி மேல் விழுந்த பழி

வேலை செய்யும் இடத்தில் இருமிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் இதைப் படித்தால் போதும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு வந்தது ஆஸ்துமா. அம்மா பக்கத்திலும் அப்பா பக்கத்திலும் யாருக்கும் இல்லாதது, நாற்பத்து நான்கு வயதில் எனக்கு வந்தது. அது எதனால் வந்தது என்று தெரியவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. தெரிந்த பிறகு எனக்குக் கோபத்தைவிட நன்றிதான் அதிகமாக இருந்தது. அது ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கலாவதி. செகந்திராபாத்தில் மாரெட்பள்ளியில் இருக்கிறோம். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குத் துணி தைக்க வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடை கண்ணியில் ஹிந்தி. கணவர் சேகர் அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறார். ஒரே மகள் நித்யா, இன்டர் முதல் வருடம், தமிழ்நாட்டின் ப்ளஸ் ஒன் மாதிரி; இங்கே அதைக் காலேஜ் என்பார்கள். நாம் தமிழில் கேட்டால் அவள் ஹிந்தியில் பதில் சொல்லுவாள்.

நான் பத்தொன்பது வருடமாக ஒரு காபித்தூள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்னால் கடை, பின்னால் நீளக் கொட்டகை. கொட்டகையில் வறுக்கிற இயந்திரம், அரைக்கிற இயந்திரம், கோடியில் சாக்கு மூட்டைகளை அடுக்கி வைக்கிற அறை. மொத்தம் பதினோரு பேர். பச்சைக் காபிக்கொட்டை வந்து இறங்கினால் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து, கையை விட்டு அள்ளி, முகர்ந்து, உடைந்தது எவ்வளவு, கறுத்தது எவ்வளவு என்று பார்த்து, எதை எதோடு கலப்பது என்று முடிவு செய்வது என் வேலை. எனக்கு அந்த வேலை பிடிக்கும். காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுகிற அந்த வாசனைக்காகவே லீவு போடாமல் போயிருக்கிறேன்.

முதலில் வெறும் தும்மல்தான். மூக்கில் தண்ணீர், கண்ணில் அரிப்பு. ஒரு மாதம் கழித்து வறட்டு இருமல். அதற்கப்புறம் மார்பைச் சுற்றி ஈரத்துணியை முறுக்கிக் கட்டியது போல ஓர் இறுக்கம். அது பெரும்பாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். மெட்ரோ நிலையத்தின் படிகளில் பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்வது போல குனிந்துகொள்வேன். மூச்சு வாங்குவதை மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று ஒரு வெட்கம்.

எங்கள் தெரு டாக்டர் இருமல் மருந்து கொடுத்தார். "ஹைதராபாத் தூசிம்மா, எல்லாருக்கும் இருக்கு" என்றார். அது கேட்கவில்லை. இன்னொருவர் மார்புப் படம் எடுக்கச் சொன்னார், சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். டி.பி.யாக இருக்குமோ என்ற சந்தேகம். முடிவு வரும் மூன்று நாளும் நான் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டேன். சேகர் அந்த டம்ளரிலேயே தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். "என்னங்க இது!" என்று கத்தினால், "உனக்கு இருந்தா எனக்கும் இருக்கட்டும். தனியா மாத்திரை சாப்பிட போரடிக்கும்" என்பார். டி.பி. இல்லை. மூன்றாவதாகப் பார்த்தவர் என் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, இது டென்ஷன் என்று தூக்க மாத்திரை எழுதினார்.

வீட்டில் ஒவ்வொன்றாகப் பழி சுமந்தது. பஞ்சு மெத்தை போனது. ஊதுபத்தி நின்றது. நித்யா கொஞ்சுகிற பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வரக் கூடாது என்று தடை. சேகர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறியைத் துடைத்தார். அவர் துடைப்பதால்தான் ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக இருக்கிறது என்று இருவருமே நம்பினோம்.

என் வேலையைப் பற்றி எந்த டாக்டரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பத்தொன்பது வருடம் முகர்ந்த காபி, திடீரென்று என்னை என்ன செய்துவிடப் போகிறது?

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை. லாரியில் நாற்பது மூட்டை வந்து இறங்கியிருந்தது. வெளியே தூறல் என்பதால் சாக்கு அறையின் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது மூட்டையோ என்னவோ, காற்று உள்ளே போனது, வெளியே வர மறுத்தது. எழுந்து கதவைத் திறந்தேன். கூப்பிடக் குரல் இல்லை. பக்கத்திலிருந்த அலுமினிய முறத்தைத் தரையில் தட்டினேன்.

சத்தம் கேட்டு ஓடி வந்தவள் யாதம்மா. நல்கொண்டா பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். எங்களிடம் பன்னிரண்டு வருடமாகக் கல்லும் கறுப்புக் கொட்டையும் பொறுக்குகிற வேலை. தெலுங்கு மட்டும்தான் தெரியும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், ஆனாலும் என்னை அக்கா என்பாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், யாரையும் கேட்கவில்லை. என்னை இடுப்போடு அணைத்துத் தூக்கித் தெருவுக்குக் கொண்டுவந்து, போகிற ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். வழியெல்லாம் என் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "ஊப்பிரி பீல்ச்சு அக்கா, பீல்ச்சு" என்று, மூச்சு இழு, இழு என்று, பிரசவம் பார்க்கிறவள் போலச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஆட்டோவில் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் முகமூடி போல ஒன்றை மாட்டினார்கள். மருந்தைப் புகையாக்கி நுரையீரலுக்குள் அனுப்புகிற இயந்திரம், நெபுலைசர். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களின் உள்சுவர் வீங்கி, சுற்றியிருக்கும் தசையும் இறுகிவிடுகிறது. இந்தப் புகை தசையைத் தளர்த்தும். வீக்கம் வடிய ஊசி தனி. இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மணிக்கட்டில் ஆழமாகக் குத்தி இரத்தம் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் அதுதான் வலித்தது. இதைப் படிக்கிறவர்களுக்கு எடுக்க நேர்ந்தால், கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். இழுத்தால் இன்னொரு முறை குத்துவார்கள்.

இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. நித்யாவை ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். காலேஜ் பையைத் தோளிலிருந்து இறக்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, மூச்சு வருதாம்மா?" என்று கேட்டாள். எனக்கு நினைவு தெரிந்து அவளாக என்னிடம் ஒரு முழு வாக்கியத்தைத் தமிழில் பேசியது அன்றைக்குத்தான். முகமூடிக்குள்ளிருந்து பதில் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

பிறகு வார்டு. படுத்தால் மூச்சு திணறும் என்பதால் இரவு முழுக்க உட்கார்ந்தே இருந்தேன். சாப்பாட்டு மேசையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்து, அதன் மேல் இரண்டு தலையணையை அடுக்கி, அதில் சாய்ந்து தூங்கக் கற்றுக்கொடுத்தார் ஒரு நர்ஸ். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். இப்போதும் அது உறுத்துகிறது.

வார்டுக்கு வந்த மறுநாள்தான் டாக்டர் நஸ்ரீனைப் பார்த்தேன். நெஞ்சு நோய் நிபுணர். ஒல்லியான உருவம், பெரிய கண்ணாடி. ஊர் ஹிந்தியில்தான் பேசினார். தமிழிலேயே எழுதுகிறேன். ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கலாஜி, திங்கட்கிழமை எப்படி இருக்கும்?"

"காலையில் பரவாயில்லை டாக்டர். சாயங்காலம் ஆரம்பிச்சுடும்."

"வெள்ளி, சனி?"

"ரொம்ப மோசம்."

"ஞாயிறு?"

"ஞாயித்துக்கிழமை நல்லா இருக்கும். இவர் ஃபேன் துடைப்பார்."

டாக்டர் சேகரைப் பார்த்தார். சேகர் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல எழுந்து நின்றார்.

"ஊருக்கு எங்கேயாவது போனீர்களா?"

"வேலூருக்குப் போனோம் டாக்டர், ஒரு கல்யாணத்துக்கு. எட்டு நாள்" என்று ஆரம்பித்த சேகர் பாதியில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் கலா, அந்த எட்டு நாளும் நீ ஒரு தடவைகூட இருமலையே? மண்டபம் பூரா ஹோமப் புகை, அப்பவும் இருமலையே!" பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்றார் டாக்டர். சொன்னேன். "கைக்கு நை போலே?" என்றார். ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்ற அந்தக் கேள்வியில் கடுமை இல்லை. தொலைந்த சாமான் கிடைத்தவருடைய குரல் அது.

வேலை செய்கிற இடத்தின் காற்றில் இருக்கிற ஏதோ ஒன்றை உடம்பு எதிரியாக எடுத்துக்கொள்வதால் வருகிற ஆஸ்துமா இது என்று விளக்கினார். பல வருடம் பழகிய பொருளே ஒரு நாள் எதிரியாகலாமாம். அடையாளம், வேலை நாளில் கூடும், விடுமுறையில் குறையும். சீக்கிரம் கண்டுபிடித்து விலகினால் பெரும்பாலும் அடங்கும். விலகாமல் மருந்தை மட்டும் சாப்பிட்டுக்கொண்டே போனால் குழாய்கள் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

"பச்சைக் காபிக்கொட்டைத் தூசி இப்படிச் செய்யும். அதுவாக இருக்கலாம்" என்றார்.

அன்று பகல் முழுக்க நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. நான் ப்ளஸ் டூ மட்டும் படித்தவள். இந்த வயதில் வேறு எங்கே போய் என்ன செய்வேன்? வீட்டுக்குத் திரும்பிய அன்று சமையலறையில் ஏதோ குறைவது போல் இருந்தது. காபி ஃபில்டரைக் காணோம். சேகர் அதைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டிருந்தார். ஒரு நாளைக்கு நான்கு வேளை காபி குடிக்கிறவர், முகத்தைச் சுளிக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தோல் பரிசோதனை. முன்கையில் வரிசையாக ஒவ்வொரு பொருளின் சாரத்தையும் ஒரு சொட்டு விட்டு, அதன் மேல் ஊசி முனையால் லேசாகக் கீறுவார்கள். ஒத்துக்கொள்ளாத பொருள் என்றால் கால் மணி நேரத்தில் கொசு கடித்தது போல அந்த இடம் தடிக்கும். வீட்டுத் தூசி, பூஞ்சை, பூனை முடி, எங்கள் கொட்டகையிலிருந்து எடுத்துக் கழுவிக் கொண்டுபோன பச்சைக் காபி, வறுத்த காபி, சிக்கரி. நான் காபிச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி ஆனது. அரை மணி ஆனது. ஒன்றுமே தடிக்கவில்லை. அந்தப் பூனைகூட நிரபராதி.

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. டாக்டர் மட்டும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் எது?" என்றார்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் குழாயைக் கொடுத்தார். பிளாஸ்டிக்கில் ஊதல் மாதிரி இருக்கும். ஆழமாக மூச்சிழுத்து ஒரே மூச்சில் பலமாக ஊதினால், பக்கத்தில் இருக்கிற முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். குழாய்கள் திறந்திருந்தால் எண் கூடும், இறுகியிருந்தால் குறையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊதி எழுதி வைக்க வேண்டும். நித்யா என் போனில் அலாரம் வைத்தாள். காலேஜ் இடைவேளையில் "மம்மி, ஊதினியா?" என்று மெசேஜ் வரும். இதை மட்டும் அவள் தமிழில்தான் அனுப்புவாள். சேகர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கோடாக வரைந்தார். லீவில் இருந்த நாட்களில் கோடு முந்நூற்று எண்பதை ஒட்டி நேராகப் போனது.

அப்புறம் டாக்டர் சொன்னபடி படிப்படியாக வேலைக்குத் திரும்பினேன். இன்ஹேலர் கையிலேயே இருக்க வேண்டும், தனியாக இருக்கக் கூடாது, சாக்கு அறைக்குள் கால் வைக்கக் கூடாது. முதல் வாரம் முன்னால் கடையில் மட்டும். கோடு அசையவில்லை. அடுத்த வாரம் வறுக்கிற இடம். அசையவில்லை. பச்சைக் கொட்டையைக் கழுவி உலர்த்தி ஒரு டிரம்மில் கொட்டி என் முன்னால் வைத்தார்கள். இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்தேன். அப்போதும் அசையவில்லை.

மூன்றாவது வாரம் புதன்கிழமை. யாதம்மா காலிச் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சாவி கேட்க வேண்டி அறை வாசலில் ஒரு நிமிடம் நின்றேன், அவ்வளவுதான். கண் அரித்தது. அரை மணியில் நெஞ்சு இறுகியது. ஊதினேன். இருநூற்று அறுபது. இன்ஹேலரை இழுத்துவிட்டுக் கடைவாசலில் உட்கார்ந்தேன்.

யாதம்மா என் பின்னாலேயே வந்தவள், திரும்பிச் சாக்கு அறைக்குப் போனாள். அங்கே என்ன செய்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு சாக்கை உள்வெளியாகப் புரட்டி, தையல் ஓரத்தை விரலால் நோண்டியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையை மூடிக்கொண்டு வந்து, என்னிடமிருந்து நாலடி தள்ளி நின்று திறந்து காட்டினாள். புளியங்கொட்டையைவிடச் சின்னதாக, வழவழவென்று, பழுப்பில் வெள்ளைக் கோலம் போட்டது போல ஒரு விதை.

"இதி ஆமுதம் கிஞ்ச கதா அக்கா!" என்றாள். ஆமணக்கு விதை. அவள் ஊர்ப் பக்கம் காட்டில் விளைவது அதுதான். "காபி வர்ற சாக்குல இது எதுக்கு வந்துச்சு? எங்க ஊர்ல மில்லுல இதை உடைக்கிறவங்க கண்ணைப் பார்க்கணும், ரத்தமா இருக்கும். எனக்கும் கொஞ்ச நாளா இங்க அப்படித்தான் இருக்கு. வெயில்னு நெனச்சேன்."

நான் கையை நீட்டினேன். அவள் சட்டென்று கையை மூடிக்கொண்டாள். "முட்டகு!" தொடாதே என்று என்னை அதட்டியது அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. சாக்கின் ஒரு மூலையை வெட்டி, விதையோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, என்னைக் கூட்டிப்போக வந்த சேகரிடம் கொடுத்தாள்.

டாக்டர் நஸ்ரீன் பையைத் திறக்கவில்லை. வெளியிலிருந்தே விதையைப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார். "இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பார்த்ததில்லை" என்றார். ஆமணக்கு விதையில் ஒவ்வாமையை உண்டாக்குகிற புரதம் ஒன்று இருக்கிறது. எண்ணெயில் அது வருவதில்லை, அதனால்தான் விளக்கெண்ணெய் யாருக்கும் மூச்சுத்திணறல் தருவதில்லை. புண்ணாக்கிலும் விதையின் தூசியிலும் அது தங்கிவிடும். ஆமணக்கு ஏற்றிய சாக்கில் வேறு எதை நிரப்பினாலும், உதறுகிறபோது அந்தத் தூசி கிளம்பும்.

"தோலில் வைத்துப் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"நக்கோ, வேண்டவே வேண்டாம்! இதை உங்கள் மேல் வைக்கவே மாட்டேன். ஆபத்து. இரத்தத்தில் பார்க்கிறேன்" என்றார். ஒரு பொருளுக்கு எதிராக உடம்பு தயாரித்து வைத்திருக்கிற எதிர்ப்புப் புரதத்தை இரத்தத்தில் அளக்க முடியுமாம். முடிவு வர ஒரு வாரம். காபிக்கு எதிராக எதுவும் இல்லை. ஆமணக்குக்கு எதிராக மிக அதிகம்.

இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அடுத்த பயம். சுந்தரேசன் சார் எங்களைப் போலவே மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறவர். அறுபத்திரண்டு வயது. நல்ல மனிதர்தான். ஆனால் தன் காபியைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் முகம் கறுத்துவிடும். நானும் சேகரும் போய் உட்கார்ந்தோம். சேகர் கோடு வரைந்த தாள்களை மேசையில் பரப்பி, பாடம் நடத்துவது போல ஒவ்வொரு வாரமாக விளக்கினார். கடைசியில் இரத்தப் பரிசோதனைத் தாளை வைத்தார்.

 சார் எழுந்து நேராகச் சாக்கு அறைக்குப் போனார். நாங்கள் வெளியே நின்றோம். ஒவ்வொரு சாக்காகப் புரட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டையெல்லாம் தூசி. கையில் நான்கு விதைகள்.

"கலாம்மா, போன வருஷம் வியாபாரியை மாத்தினது நான்தான். இவன் பழைய சாக்கு வாங்கி ரொப்பி அனுப்பறான்னு எனக்குத் தெரியும். சாக்குதானேன்னு விட்டுட்டேன்" என்றார். விதைகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ, உடம்பைப் பார்த்துக்கத் தெரியாதான்னு உன்னையே திட்டிட்டு வந்தேன்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. தூசியாகவும் இருக்கலாம்.

அவர் மழுப்பியிருக்கலாம். என்னை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போட்டிருக்கலாம். அப்படி நடந்த கதைகளை டாக்டரின் காத்திருப்பு அறையிலேயே கேட்டிருக்கிறேன். சார் கடையைப் பத்து நாள் மூடினார். சாக்குகள் எல்லாம் போயின. சுவர், கூரை, இயந்திரத்தின் அடிப்பக்கம் வரை, பெருக்காமல், ஈரத்துணியால் துடைக்க வைத்தார். பெருக்கினால் தூசி பறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனிப் புதுச் சாக்கில்தான் சரக்கு வர வேண்டும், வந்ததும் வெளியிலேயே டிரம்மில் கொட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு. பதினோரு பேரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், செலவு தன்னுடையது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு டாக்டர் சொன்ன தீர்ப்பு இது: காபி குடிக்கலாம், முகரலாம், வறுக்கலாம், கலக்கலாம். பழைய சாக்குகள் இருக்கிற இடத்துக்கு வாழ்நாள் முழுக்கப் போகக் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டும் கூடாது, என் உடம்புக்கு ஒரு துளித் தூசி போதும். இன்ஹேலர் தொடரும். வருடங்கள் போகப் போக மருந்து குறையலாம், குறையாமலும் போகலாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சேகர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஸ்டூலைத் தேடினார். பரணிலிருந்து ஃபில்டர் இறங்கியது.

எல்லோரும் பரிசோதனைக்குப் போய் வந்தார்கள். யாதம்மா மட்டும் போகவில்லை. "நாக்கேமைந்தி அக்கா?" எனக்கு என்ன வந்தது என்று சிரித்துக்கொண்டே தட்டிக் கழித்தாள்.  நான் மூட்டையைப் பிரிப்பதோடு சரி. அந்த ஒரு வருடமும் ஒவ்வொரு சாக்கையும் உதறியவள் அவள். தனி ஆள். அவள் சம்பளத்தில்தான் ஊரில் இருக்கிற அவளுடைய அம்மா சாப்பிடுகிறாள். ஒரு வியாழக்கிழமை, மார்க்கெட்டுக்குத் துணைக்கு வா என்று பொய் சொல்லி ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றதும் என்னை முறைத்தாள். ஆனால் இறங்கினாள்.

நோயாளியாகக் காத்திருப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. கூட வந்தவளாகக் காத்திருப்பது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் ஊதுகிற பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. "ஊது! இன்கா, இன்கா, இன்கா!" இன்னும், இன்னும் என்று அந்த ஊழியர் கத்துவது வெளியே கேட்டது. ஒவ்வொரு முறையும் நானும் மூச்சைப் பிடித்து, வெளியே உட்கார்ந்து அவளுக்காக ஊதினேன். பக்கத்து நாற்காலிக்காரர் தள்ளி உட்கார்ந்துகொண்டார். சேகர் இத்தனை மாதம் இதைத்தான் செய்துகொண்டிருந்தாரா என்று தோன்றியது.

இரத்தப் பரிசோதனை முடிவும் வந்த பிறகு அடுத்த வாரம் மறுபடி போனோம். டாக்டர் நஸ்ரீன் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நுரையீரல் முழு அளவில் வேலை செய்கிறது. இரத்தத்தில் ஆமணக்குக்கு எதிரான புரதம் இருக்கிறது, கொஞ்சமாக. கண்ணில் ஆரம்பித்திருக்கிறது, மார்புக்கு இறங்கவில்லை. இப்போதே விலகியாயிற்று, அதனால் மருந்து எதுவும் வேண்டாம். "இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் உங்கள் கட்டிலில் இவர்தான் படுத்திருப்பார்" என்றார் என்னிடம்.

நான் அதைத் தெலுங்கில் சொன்னேன். யாதம்மா கவனமாகக் கேட்டாள். "அய்பொயிந்தா?" என்றாள். ஆயிற்று, அவ்வளவுதான் என்றேன். வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆட்டோ, அந்த விதை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று பல நாளாக வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, "பசிக்குது அக்கா" என்றாள்.

கேன்டீனில் இட்லி வாங்கிக்கொடுத்தேன். பிறகு இரண்டு காபி. அவள் சாஸரில் ஊற்றி ஆற்றி ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. சாஸரைக் கீழே வைத்து, இரண்டு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டு, நீதிபதி மாதிரி சொன்னாள்: "இதி மன காபி காது." இது நம்ம காபி இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், பொத்தியும் நிற்கவில்லை. அவளும் சிரித்தாள். சிரிப்பின் முடிவில் இருமல் வரும் என்று பழக்கத்தில் கர்ச்சீப்பை எடுத்துத் தயாராகக் காத்திருந்தேன்.

வரவில்லை.